டில்லியும் சென்னையும்: தூரமும் நேரமும்

டில்லியிலிருந்து சென்னைக்கு எவ்வளவு தூரம் என்று யாரேனும் வினவினால், ரயில்வே எழுத்தராகிய நாம் யோசியாமல் 2,182 கிலோமீட்டர் என்று கூறிவிடுவோம். ஆனால் அது தண்டவாளத்தின் கணக்கு. பாலம் விமான நிலையத்திற்கும் மீனம்பாக்கத்திற்கும் இடையே நேர்க்கோட்டுத் தூரம் ஏறக்குறைய 1,760 கிலோமீட்டரே ஆகும். எஞ்சிய நானூற்றுச் சொச்சம் எங்கே போயிற்று? ஆக்ரா, ஜான்சி, போபால் என்று தெற்கே இறங்கி, இட்டார்சியில் கிழக்கே சாய்ந்து, சாத்பூரா மலையைக் கடந்து நாகபுரியை அடைந்து, விஜயவாடாவில் கிருஷ்ணை நதியைத் தாண்டி, கூடூர் வழியாகச் சென்னை புகுகிறது நமது ஜி.டி. எக்ஸ்பிரஸ். மலைக்கும் ஆற்றுக்கும் ஊருக்கும் வளைந்து கொடுத்த வளைவுகளே அவை.

சென்னைக்கு முறையான விமானத் தபால் முதலில் வந்தது டில்லியிலிருந்து அன்று, கராச்சியிலிருந்து. 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா சிறு விமானமொன்றைத் தாமே ஓட்டிக்கொண்டு அகமதாபாத் வழியே பம்பாய் வந்திறங்கினார். அங்கிருந்து பெல்லாரி வழியே சென்னைக்குத் தபாலைக் கொண்டு சென்றவர் நெவில் வின்சென்ட்.

டில்லி – சென்னை நேர்க்கோட்டின் நடுவே, அநேகமாக அதன் மேலேயே, நாகபுரி அமைந்திருப்பது ஒரு வியப்பு. இந்த அமைப்பைப் பயன்படுத்தியே 1949 ஜனவரியில் இரவு விமானத் தபால் தொடங்கியது. டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் கிளம்பிய விமானங்கள் நாகபுரியில் கூடின, பைகள் மாற்றப்பட்டன, விடிவதற்குள் மீண்டும் பறந்தன. அவ்வாண்டு ஏப்ரல் முதல் உள்நாட்டுக் கடிதங்களுக்குத் தனிக் கட்டணமின்றியே விமான வசதி கிடைத்தது. ஆக, டில்லித் தமிழர் ரயிலில் இரண்டு இரவுகள் கழித்த அந்நாளில், அவர் எழுதிய கடிதம் ஓர் இரவில் சென்னை சேர்ந்துவிட்டது!

1957-இல் வைகவுண்ட், 1964-இல் காரவெல் ஜெட் என்று இந்தியன் ஏர்லைன்ஸில் வேகம் கூடிற்று. இன்று அட்டவணை நேரம் சுமார் இரண்டே முக்கால் மணி. இதில் வானில் செல்லும் நேரம் குறைவே. நிலையத்தில் நகரத் தொடங்கியது முதல், இறங்கி நிற்கும் வரை கணக்கில் சேரும். ஓடுபாதைக்காக வரிசையில் காத்திருப்பதும் அதில் அடக்கம். கடைசி ஸ்டேஷனுக்கு முன் நமது அட்டவணையிலும் சில நிமிடங்கள் கூட்டி வைப்பதுண்டு என்பதை ரயில்வே அன்பர்கள் அறிவார்கள். ஆகவே விமானக்காரர்களைக் குறைகூற நமக்கு வாயில்லை.

காலனியின் மூத்தோருக்கு இந்த மணிக்கணக்கு வெறும் எண்ணன்று. 'அபாயம், உடனே புறப்படு' என்று தந்தி வந்தால் ஜி.டி.யைத் தவிர வேறு கதி இல்லாத குடும்பங்களே நம்மில் மிகுதி. விமானச் சீட்டின் விலை மாதச் சம்பளத்திற்குள் அடங்காது. 1971-இல் நம் தந்தையார் அவ்வாறு சென்று, கும்பகோணத்தருகே ஊர் எல்லையை மூன்றாம் நாள் மிதித்தபோது, பாட்டனாரின் அஸ்தியே எஞ்சியிருந்தது. இறுதிவரை அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. தந்திச் சேவையும் 2013-இல் நின்றுவிட்டது.

2019-இல் நமக்குச் செய்தி வந்தது தொலைபேசியில், விடியற்காலையில். காலை விமானத்தில் இடம் கிடைத்தது. மீனம்பாக்கம் சேர இரண்டே முக்கால் மணி. அங்கிருந்து காரில் ஊர் சேர ஏழு மணி. விளக்கு வைக்கும் வேளையில் தாயாரின் முகத்தைக் கண்டோம்.