முடிக்க முடியாத நாவலும் அதன் முதல் வாசகர்களும்

பல வீட்டு அலமாரிகளில் ஒரு தடித்த புத்தகம் இருக்கும். நூறாவது பக்கத்தை ஒட்டி ஒரு பழைய பஸ் டிக்கெட்டோ கரன்ட் பில்லோ செருகப்பட்டிருக்கும். அதற்கு மேல் நகர்ந்திருக்காது. இப்படிப் பாதியில் நின்றுபோவதற்கே பெயர்பெற்ற நாவல் டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்'. டி.எஸ். சொக்கலிங்கம் இதை 'போரும் வாழ்வும்' என்ற பெயரில் தமிழாக்கினார். முடிக்க முடியாதவர்கள் பொதுவாகத் தங்கள் பொறுமையையோ செல்போனையோ குறை சொல்வார்கள். இந்த நாவல் வெளிவந்த வரலாற்றைப் பார்த்தால் அந்த வருத்தம் கொஞ்சம் குறையும்.

டால்ஸ்டாய் 1863-இல் எழுதத் தொடங்கினார். 1865 தொடக்கத்தில் 'ருஸ்கி வெஸ்த்னிக்' என்ற மாத இதழில் முதல் பகுதி வந்தது. அப்போது அதன் தலைப்பு '1805'. அடுத்த பகுதி 1866-இல் வந்தது. பிறகு இதழில் தொடர்வதை நிறுத்திவிட்டுப் புத்தகமாகக் கொண்டுவந்தார். அந்த ஆறு தொகுதிகளும் 1867 இறுதியில் தொடங்கி 1869 இறுதி வரை தவணை தவணையாகவே வெளிவந்தன. ஆக, இதழில் முதல் அத்தியாயத்தைப் படித்த ஒரு ரஷ்ய வாசகர் கடைசிப் பக்கத்தை எட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்கும். அதைத்தான் நாம் பத்து நாள் லீவில் முடிக்கப் பார்க்கிறோம்!

எங்கே தடுக்கிறது என்பதும் தெரிந்த விஷயம்தான். கதை 1805 ஜூலையில் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் ஒரு சீமாட்டி வீட்டு விருந்தில் தொடங்குகிறது. மேட்டுக்குடி விருந்தாளிகள் அக்கால வழக்கப்படி பிரெஞ்சில் பேசுகிறார்கள். ஒரே ஆளை ஓரிடத்தில் ஆந்திரேய் என்றும், வேறோரிடத்தில் தந்தை பெயரோடு ஆந்திரேய் நிக்கலாயவிச் என்றும், இன்னோரிடத்தில் பல்கோன்ஸ்கி என்றும் அழைக்கிறார்கள். பின்பாதியில் கதை நின்று, வரலாற்றை நடத்துவது யார் என்ற ஆராய்ச்சி தொடங்குகிறது. முடிவுரையின் இரண்டாம் பாகத்தில் 12 அத்தியாயங்கள்; அவற்றில் கதைமாந்தர் யாருமே வருவதில்லை.

இதில் திணறியவர்களில் பெரிய மனிதர்களும் உண்டு. பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளோபேர் முதல் இரண்டு பாகங்களை வியந்து பாராட்டினார். மூன்றாவதில் ஆசிரியர் சொன்னதையே சொல்லித் தத்துவம் பேசுகிறார் என்று துர்கேனெவுக்கு எழுதிய கடிதத்தில் சலித்துக்கொண்டார். டால்ஸ்டாயே 1873 பதிப்பில் பிரெஞ்சு உரையாடல்களை ரஷ்ய மொழிக்கு மாற்றினார். ஆராய்ச்சிப் பகுதிகளில் பலவற்றைப் பின்னிணைப்புக்குத் தள்ளினார். ஆறு தொகுதிகளை நான்காக்கினார். 1886 பதிப்பில் பிரெஞ்சும் ஆராய்ச்சியும் பழைய இடங்களுக்குத் திரும்பின. ஆசிரியரே ஒருமுறை ஒதுக்கிவைத்த பக்கங்களை நாம் முதல் வாசிப்பில் தாண்டிப் போனால் குற்றமில்லை.

அப்படியானால் இவ்வளவு நீளம் எதற்கு? நடாஷா முதலில் வரும்போது 13 வயதுச் சிறுமி. கதை 1820-இல் முடியும்போது நான்கு குழந்தைகளின் தாய். விருந்தில் அசட்டுத்தனமாக நடந்துகொள்ளும் பியர், 1812 போரில் பிரெஞ்சுப் படையிடம் கைதியாகி, சக கைதியான ஒரு எளிய குடியானவரிடமிருந்து வாழ்க்கையைக் கற்றுக்கொள்கிறான். இந்த 15 ஆண்டுக் காலத்தை வாசகரும் கூடவே கடந்தால்தான் அந்த மாற்றங்கள் நம்பும்படி இருக்கும். கதைச் சுருக்கத்தில் சம்பவங்கள் கிடைக்கும், ஆனால் அவர்களோடு வளர்ந்த அனுபவம் கிடைக்காது.

தவணை வாசிப்பு நமக்கும் பழக்கமானதுதான். 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை 'கல்கி' வார இதழில் தொடராக வந்தது. வாரம் ஒருமுறை வந்த இதழை வீட்டில் முறைவைத்துப் படித்தார்கள். அடுத்து என்ன ஆகும் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்தவர்களும் உண்டு. வாரக்கணக்கில் காத்திருந்தும் கதை மறக்காமல் இருந்ததற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம்.

டால்ஸ்டாயின் நாவலில் 361 அத்தியாயங்கள். பெரும்பாலானவை சில பக்கங்களே. தினம் ஒன்று என்றால் ஓராண்டுக்குள் முடிந்துவிடும். பெயர்களை ஒரு தாளில் குறித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பக்கத்து வீட்டில் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு இருவருமாகத் தொடங்கினால் இன்னும் நல்லது. மாலை வாக்கிங்கில் தண்ணீர் லாரி, பார்க்கிங் பிரச்சினைகளோடு நடாஷாவைப் பற்றியும் கொஞ்சம் பேசலாம்.