ஸ்தோத்திரமும் செய்ந்நன்றியும்: தமிழ்த் திருச்சபையின் நன்றியறிதல் வரலாற்றில் சில குறிப்புகள்

தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபையாரின் நாவில் மிகுதியாக வழங்கும் சொல் எதுவென்று வினவினால், 'ஸ்தோத்திரம்' என்றே விடை கூற வேண்டும். வழியில் ஒருவரையொருவர் சந்திக்கும்போதும், உணவு உண்ணத் தொடங்கும்போதும், வீட்டு ஜெபம் முடியும்போதும் அச்சொல் எழுகின்றது. மிகுதியாக வழங்கும் நாணயம் தேய்ந்து போவதுபோல, மிகுதியாக வழங்கும் சொல்லும் தேய்வதுண்டு. ஆகவே அச்சொல் நம்மிடம் வந்த வழியையும், அதற்குரிய வாழ்வு முறையையும் ஆராய்வது ஊழியத்திற்கு ஆயத்தமாகும் மாணவர்க்கும் போதகர்க்கும் பயனுடையதாகும்.

முதலாவது, சொற்களை நோக்குவோம். திருக்குறளின் பதினோராம் அதிகாரம் 'செய்ந்நன்றியறிதல்' எனப்படும். இங்கு 'நன்றி' என்பது இக்காலத்தில் நாம் சொல்லும் உபசார வார்த்தையன்று. பிறர் நமக்குச் செய்த நன்மையே நன்றி. அதை மறவாது உள்ளத்தில் கொள்வதே 'அறிதல்'. ஆகவே பழந்தமிழர் நன்றியைச் 'சொல்ல'வில்லை, நன்றியை 'அறிந்தனர்'. 'ஸ்தோத்திரம்' என்பதோ புகழ்தல் என்னும் பொருளுடைய வடமொழிச் சொல். நன்றியறிதலில் மனம் பெற்ற நன்மையை நோக்குகிறது; ஸ்தோத்திரத்தில் நன்மை செய்தவரை நோக்குகிறது.

1871ஆம் ஆண்டில் முழு வேதாகமமாக வெளிவந்த ஐக்கியத் திருப்புதல், நன்றி செலுத்துதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைப் பல இடங்களில் ஸ்தோத்திரம் என்றே தமிழ்ப்படுத்தியது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் அவ்விடங்கள் பலவற்றில் நன்றி என்னும் சொல்லை ஆள்கின்றது. இவற்றுள் எது சரி என்று வாதாடுவோர் உண்டு. எபிரெய மொழியில் நன்றி கூறுதலுக்கென்று தனிச் சொல் இல்லை என்பதும், அறிக்கையிடுதலையும் துதித்தலையும் குறிக்கும் சொல்லே அதற்கும் பயன்பட்டது என்பதும் இங்கு நினைக்கத்தக்கன. அவ்வகையில் பழைய திருப்புதலின் வழக்கு சங்கீதங்களின் உணர்வுக்கு அந்நியமானதன்று. லூக்கா 17ஆம் அதிகாரத்தில் சுகம் பெற்ற பத்துக் குஷ்டரோகிகளில் திரும்பி வந்த சமாரியன் இரண்டையும் செய்தான். உரத்த சத்தத்தோடு தேவனை மகிமைப்படுத்தினான். இயேசுவின் பாதத்தில் விழுந்து நன்றி செலுத்தினான். மற்ற ஒன்பது பேரும் நன்மையைப் பெறாதவர்கள் அல்லர்; பெற்றதை அறியாதவர்கள்.

இரண்டாவது, இச்சொற்களுக்கு உயிர் கொடுத்தோரில் ஒருவரை நோக்குவோம். ஜெர்மானிய மிஷனெரியாகிய ஜான் பிலிப் பப்ரிசியஸ் 1740இல் தரங்கம்பாடிக்கு வந்து, பின்பு சென்னை வேப்பேரியில் நெடுங்காலம் ஊழியம் செய்தார். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது பழவேற்காட்டில் அடைக்கலம் புக நேர்ந்தது. சில ஆண்டுகளுக்குப் பின்பு லாலி சென்னையை முற்றுகையிட்ட காலத்தில் வேப்பேரி மிஷன் மீண்டும் சூறையாடப்பட்டது. இத்தகைய நாட்களினூடே அவர் தமிழ் வேதாகமத் திருப்புதலைத் தொடர்ந்தார். ஜெர்மானியத் துதிப் பாடல்களைத் தமிழாக்கினார். 1779இல் தமிழ் அகராதி ஒன்றையும் வெளியிட்டார். அவருடைய திருப்புதல் 'பொன் திருப்புதல்' என்று போற்றப்பட்டது. இரண்டு முறை எல்லாம் இழந்தவர் துதியின் மொழியை நமக்குத் தந்தார் என்பது, செழிப்பின் அளவே ஸ்தோத்திரத்தின் அளவு என்று எண்ணும் மனப்பான்மைக்குத் தக்க மறுப்பாகும்.

ஆயினும் வரலாற்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். முதுமையில் பப்ரிசியஸ் தம்மிடம் நம்பி ஒப்படைக்கப்பட்ட பணத்தைக் கடன் கொடுத்து, அது திரும்பாமையால் கடனுக்காகச் சிறையிலும் இருந்தார், 1791இல் மறைந்தார். தமக்கென்று பொருள் சேர்த்தவரல்லர். ஆனால் பிறர் பொருளைக் காப்பதில் தவறினார். பக்தியுள்ள உள்ளமும் பாடலாசிரியரின் நாவும் கணக்கு ஒப்புவிக்கும் கடமைக்கு மாற்றாக மாட்டா. பெற்றதை அறிதல் என்பது, பெற்றது யாருடையது என்பதை அறிதலையும் உள்ளடக்கியது. காணிக்கைப் பெட்டியின் பொறுப்பு நாளை உங்கள் கையில் வரும் என்பதால் இதை அழுத்திச் சொல்லுகிறோம்.

மூன்றாவது, நன்றியறிதல் அன்றாட வழக்கமாக உருப்பெற்றதை நோக்குவோம். திருநெல்வேலித் திருச்சபையில் பெண்கள் உலையில் அரிசி இடும்போது ஒரு கைப்பிடி எடுத்து ஊழியத்திற்கென்று வேறாக வைக்கும் வழக்கம் வேரூன்றியது. மிசோரம் திருச்சபையிலும் இத்தகைய வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நிலவுகிறது. பாளையங்கோட்டையில் 1903 பிப்ரவரி 12 அன்று இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியபோது, வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல் உள்நாட்டு மக்களின் காணிக்கையாலேயே அது நடைபெற வேண்டும் என்று தீர்மானிக்கப்பட்டது. சுவிசேஷத்தைப் பெற்றவர்கள் பெற்றதை அறிந்து, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பினர். நாள்தோறும் அடுப்பங்கரையில் தொடங்கும் ஸ்தோத்திரம் தூரதேசம் வரை செல்லக் கூடும் என்பதற்கு இது சான்று.

அறுப்பின் பண்டிகையின் வரலாறு சற்று வேறானது. இங்கிலாந்தில் இக்கால முறையிலான அறுப்பின் ஆராதனையை 1843இல் கார்ன்வால் நாட்டு மார்வென்ஸ்டோ ஆலயத்தில் ஹாக்கர் என்னும் குருவானவர் தொடங்கினார் என்பர். அதனினும் மிகப் பழமையானது உபாகமம் 26ஆம் அதிகாரத்தின் முதற்பலன் முறைமை. அங்கே விளைச்சலைக் கூடையில் கொண்டுவருபவன் தன் முன்னோரின் வறுமையையும் அடிமைத்தனத்தையும் வாயினால் அறிக்கையிட வேண்டும். பின்பு லேவியனோடும் அந்நியனோடும் கூடச் சந்தோஷப்பட வேண்டும். அறிக்கையும் பகிர்தலும் இன்றிக் கூடை மட்டும் பலிபீடத்தின் முன் நிற்பதில்லை.

இதனை நம் சுற்றுப்புறத்தோடு பொருத்திப் பார்ப்போம். ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டை முதலிய பகுதிகளின் வாழ்க்கை, 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டபின் பெரிதும் மாறியது. வேலையை நாடித் தென் மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் தங்கள் பாடல்களோடு அறுப்பின் பண்டிகையையும் கொண்டுவந்தன. இன்று வயல் இல்லாத சபையார் கடையில் வாங்கிய வாழைத்தாரையும் பூசணிக்காயையும் ஆலயத்தில் வைக்கின்றனர். பின்பு ஏலம் நடைபெறுகிறது. ஓர் எலுமிச்சம்பழம் ஆயிரக்கணக்கான ரூபாய்க்குப் போவதையும், வாங்கியவரின் பெயர் ஒலிபெருக்கியில் முழங்குவதையும் நாம் கண்டிருக்கிறோம். அதே வேளையில் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தினக்கூலித் தொழிலாளி, தன் ஸ்தோத்திரக் காணிக்கையை உறையில் மறைத்துத் தலைகுனிந்து இடுவதையும் கண்டிருக்கிறோம். இவ்விருவருள் எவர் பண்டிகை ஆசரித்தார் என்னும் வினா, ஏலத்தை நடத்திய நம்மையே முதலில் சுடுகிறது.

பண்டிகையை ஒழிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை; அதன் பொருளை மீட்க வேண்டும் என்கிறோம். தொழிற்சாலையில் உழைப்பவர் தம் கருவியையும், துப்புரவுப் பணியாளர் தம் துடைப்பத்தையும், மாணவர் தம் புத்தகத்தையும் கூடையோடு வைக்கலாகாதா? வாழ்வின் கடினமான ஆண்டை ஒருவர் எழுந்து அறிக்கையிட இடமளிக்கலாகாதா? அன்று சேர்ந்த அரிசியில் ஒரு பங்கு, அத்தெருவில் ஊரைவிட்டு வந்து கட்டட வேலை செய்யும் அந்நிய மொழிக் குடும்பத்தை அடையலாகாதா?

ஊழியர் தம் வீட்டில் இதைத் தொடங்குதல் நலம். இரவில் உறங்குமுன் அன்று பெற்ற நன்மை ஒன்றையும், அது எவர் கை வழியாக வந்தது என்பதையும் நினைத்து, தேவனைத் துதித்து, மறுநாள் அம்மனிதரைக் கண்டு ஒரு வார்த்தை சொல்வோமாக. அப்பொழுது ஸ்தோத்திரம் என்னும் சொல் மீண்டும் புது நாணயமாகும். திரும்பி வந்த அந்தப் பத்தாவது மனிதனோடு நாமும் எண்ணப்படுவோம்.