ஒல்லாந்தரின் கணக்கில் தமிழரைத் தேடியவர்

ஒல்லாந்தர் காலம்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வருவது நாலைந்து சொற்கள்தான்: 1658, யாழ்ப்பாணக் கோட்டை, கறுவா, ரோமன் டச்சுச் சட்டம். பரீட்சை முடிஞ்சா அதுவும் போயிடும். ஆனால் அந்தக் காலத்தோடு வாழ்க்கை முழுக்க மல்லுக்கட்டிய தமிழர் ஒருவர் இருந்தார். பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினம் (1930–1998).

யாழ்ப்பாணத்தவர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் படித்து, லண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்று, பேராதனையில் விரிவுரையாளரானார். 1960களில் மலாயாப் பல்கலைக்கழகம், 1970களில் அவுஸ்திரேலியாவின் ஆர்மிடேலில் வரலாற்றுப் பேராசிரியர் பதவி. ஊர்கள் மாறினாலும் கையில் இருந்த மூலம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்கள்.

முதல் நூல் 1958இல் வந்தது. இலங்கையில் ஒல்லாந்தரின் அதிகாரம் 1658 முதல் 1687 வரை எப்படி வளர்ந்தது என்பதுதான் பொருள். போர்த்துக்கேயரை விரட்டக் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கன் ஒல்லாந்தரைக் கூப்பிட்டான், வந்தவர்கள் போகவில்லை. 'இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கின கதை' என்று சிங்களத்தில் சொல்வார்களே, அதுதான். கவர்னர் வான் கூன்ஸ் இன்னும் நிலம் பிடிக்கணும்னு நிற்கிறார். பத்தாவியாவில் இருக்கும் மேலிடம் செலவைப் பார்த்து முகம் சுளிக்குது. 1670இல் இராஜசிங்கன் திருப்பி அடிக்கிறான். கம்பனி சர்வவல்லமை படைத்த ஒன்றாக இந்தக் கதையில் தெரியாது. கணக்குப் பார்த்துத் தடுமாறும் ஒரு வியாபாரியாகத்தான் தெரியும்.

இதுக்கெல்லாம் ஒல்லாந்த மொழி படிக்க வேண்டியிருந்தது. பழைய கையெழுத்து வேறு. அதில் தமிழர் தங்களைப் பற்றி எழுதி வைத்தது ரொம்பக் கொஞ்சம். கம்பனிக்காரன் தன் லாபத்துக்காக எழுதிய கடிதங்களுக்குள்ளிருந்துதான் யானை வியாபாரியையும் சாயவேர் கிண்டியவனையும் பிடித்து வெளியே இழுக்கணும்.

1986இல் வந்த சோழமண்டலக் கரை வணிகம் பற்றிய நூல்தான் என்னை அதிகமாக நிறுத்தி வைத்தது. கம்பனி வணிகருக்கு முன்பணம் கொடுக்கும். வணிகர் நெசவாளருக்குக் கொடுப்பார். துணி அதே வழியில் திரும்பி வரும். கடன் நெசவாளரைக் கட்டிப்போடும். ஆனால் கொடுமை தாங்காவிட்டால் தறியைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடும் வழக்கமும் அவர்களுக்கு இருந்தது. வாசிக்கும்போது இந்த முன்பணக் கதை எங்கேயோ கேட்ட மாதிரி இல்லையா? கங்காணி கொடுத்த முன்பணம், தோட்டத்துக்குத் தோட்டம் கடனோடு ஆளையும் மாற்றிவிட்ட 'துண்டு' முறை, 1921இல் அது ஒழியும் வரை இருட்டோடு இருட்டாக ஓடிப்போன குடும்பங்கள். இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொல்ல வரல. ஒப்பிட்டுப் பார்க்காமல் விடுவதுதான் அநியாயம் என்கிறேன்.

இன்னொன்று. இந்தியப் பெருங்கடலில் நடந்த அடிமை வியாபாரம் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். 1659–61இல் தஞ்சாவூர்ப் பக்கம் பஞ்சம் வந்தபோது, ஒல்லாந்தர் பட்டினி கிடந்த ஆட்களை வாங்கி இலங்கைக்குக் கப்பலேற்றினார்கள். பஞ்சம், கடல், இலங்கையில் உழைப்பு: கோப்பித் தோட்டம் வருவதற்கு நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் முந்தியே இந்த வழி திறந்திருக்கிறது. நம் வரலாற்றை 1820களில் இருந்தே தொடங்கிப் பழகிவிட்டோம்.

மலாயாவில் இருந்தபோது அவர் எழுதிய 'மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இந்தியர்' (1970) இன்னும் நெருக்கம். றப்பர்த் தோட்டம், கங்காணி, கள்ளுக்கடை, தோட்டப் பாடசாலை. பெயர்களை மாற்றினால் ஹட்டன், தலவாக்கலை என்று வாசித்துவிடலாம். ஆனால் மலையகத்துக்கென்று இப்படி ஒரு தனி நூலை அவர் எழுதவில்லை. அந்த வருத்தம் எனக்கு இருக்கு, மறைக்க மாட்டேன். பேராதனையில் இருந்து மலை ஏறினால் நாங்கதானே!

எங்க ஊரில் செயின்ட் கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கு. 1925இல் தொடங்கிய நிறுவனம். தேயிலைச் செடியின் மண், நோய், பூச்சி, விளைச்சல் எல்லாவற்றையும் நூறு வருஷமாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். கொழுந்து எடுத்தவர்களின் கதை எங்கே இருக்கிறது என்று கேட்டால், செக்ரோலில்தான் தேடணும். யாருக்கு முழுப்பேர், யாருக்கு அரைப்பேர், எந்த மாதம் எவ்வளவு கடன் வெட்டினார்கள், எந்தப் பெயர் திடீரென்று நின்றுபோகிறது. தொரையும் கணக்குப்பிள்ளையும் தங்கள் வசதிக்கு எழுதியதுதான். ஒல்லாந்தன் மட்டும் வேறென்ன நோக்கத்துக்கு எழுதினான்?

அவனுடைய கணக்கு முந்நூற்றைம்பது வருஷம் கழிந்தும் ஹேக்கிலும் கொழும்பிலும் பத்திரமாக இருக்கு. உங்க தோட்டத்து ஆபீஸில் 1948ஆம் ஆண்டு செக்ரோல் இருக்கிறதா? பிரஜாவுரிமைச் சட்டம் வந்த வருஷம் அது. தெரிந்த கிளார்க் யாராவது இருந்தால் இந்த லீவிலேயே கேட்டுப் பாருங்க. அடுத்த தடவை அறையைத் துப்பரவு பண்ணும்போது எதை வெளியே போடுவாங்களோ, தெரியாது.