வகுப்பறையின் பின்வாசல்

1870-ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம் இங்கிலாந்தின் பள்ளிகளில் ஒரு பின்வாசலைத் திறந்து வைத்தது. சமயபோதனை பள்ளிநேரத்தின் தொடக்கத்திலோ முடிவிலோதான் நடைபெற வேண்டும். விரும்பாத பெற்றோர் அந்நேரத்தில் தம் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம். 'மனச்சாட்சி விதி' என்று அதற்குப் பெயர். வேறொரு சபையின் பள்ளியில் பயில நேர்ந்த குழந்தை தன் வீட்டு நம்பிக்கையை இழந்துவிடக் கூடாதென்பதே நோக்கம். அந்நாட்டில் உடலையும் உறவையும் பற்றிய கல்வியின் வரலாற்றை இந்த வாசலைக் கொண்டே சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

1983-இல் டேனிஷ் மொழியிலிருந்து ஒரு சிறுவர் நூல் ஆங்கிலத்திற்கு வந்தது. தந்தையோடும் அவருடைய ஆண் துணைவரோடும் வாழும் ஐந்து வயதுச் சிறுமி ஜென்னியின் அன்றாடத்தைப் புகைப்படங்களோடு சொல்லும் சூசன்னே போஷின் நூல். லண்டன் கல்வி ஆணையத்தின் ஆசிரியர் நூலகம் ஒன்றில் அதன் பிரதி இருந்தது 1986-இல் நாளேடுகளில் பெரும் கூச்சலாயிற்று. உள்ளாட்சி அமைப்புகள் ஒருபாலுறவை 'ஊக்குவிக்க'த் தடைவிதித்த 28-ஆம் பிரிவு 1988-இல் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அப்பிரிவின்கீழ் ஒருவர்மீதும் வழக்குத் தொடுக்கப்படவில்லை. தேவையும் இருக்கவில்லை; எது குற்றமென்று தெளிவாகத் தெரியாத ஆசிரியர்கள் தாமாகவே வாய்மூடிக்கொண்டனர். இங்கிலாந்தில் அது நீக்கப்பட்டது 2003-இல்தான்.

இதற்கிடையே 1993-ஆம் ஆண்டுச் சட்டம் பாலியல் கல்விக்கும் அதே பின்வாசலை அமைத்துக் கொடுத்தது. 'தனிநபர், சமூக, உடல்நலக் கல்வி' 2000-இல் தொடக்கப்பள்ளிகளுக்கு ஒரு வழிகாட்டுச் சட்டகமாக மட்டுமே வந்தது; கட்டாயமில்லை. கட்டாயமாக்கும் முயற்சி 2010 தேர்தலுக்கு முந்தைய அவசரப் பேரங்களில் கைவிடப்பட்டது.

2017-ஆம் ஆண்டின் 'குழந்தைகள் மற்றும் சமூகப்பணிச் சட்டம்' செய்தது, என் பார்வையில், முதன்மையாக ஒரு பெயரிடல். தொடக்கப்பள்ளிக்குரியதை 'உறவுக் கல்வி' என்று தனியே பிரித்தெடுத்து அதைக் கட்டாயமாக்கியது. பெற்றோர் விலக்கிக்கொள்ள வழியில்லை. 'பாலியல் கல்வி' தொடக்கப்பள்ளியின் விருப்பத்திற்கு விடப்பட்டது. அதற்கு மட்டும் பின்வாசல் உண்டு. ஒரு சொல்லின் எல்லை எங்கே முடிகிறதோ அங்கே பெற்றோரின் உரிமை தொடங்குகிறது. இலக்கணம் படித்தவர்களுக்கு இந்த நுட்பம் சற்றுப் புன்னகையை வரவழைக்கும்.

ஆயினும் அப்பாடத்தின் உள்ளடக்கத்தைப் பார்த்தால் புன்னகை நிலைப்பதில்லை. நட்பு, குடும்பங்களின் பலவகை, மரியாதை ஆகியவற்றோடு, தன் உடல் தனக்கே உரியது என்பதும், எல்லா இரகசியங்களையும் காக்க வேண்டியதில்லை என்பதும் அதில் உண்டு. தீங்கு நேர்ந்தால் அதை எடுத்துரைக்கத் தேவையான சொற்களையும் துணிவையும் தருவது ஆசிரியரின் கடமை என்கிறது 2019-இன் அரசு வழிகாட்டி. சொற்கள்! சங்கப் பாடல் நடத்துகையில் 'அல்குல்' என்ற சொல் வந்ததும் குரலைத் தாழ்த்தி அடுத்த அடிக்கு ஓடியவர்களில் நானும் உண்டு. கல்லூரி மாணவர்முன் எனக்கே வாராத துணிவு, வீட்டுக்குள்ளேயே வதைபடும் ஏழு வயதுக் குழந்தைக்கு எங்கிருந்து வரும்? அந்தக் குழந்தைக்குப் பின்வாசல் பாதுகாப்பன்று. வதைப்பவர் பெற்றோராகவே இருந்தால் அதன் திறவுகோல் அவர் கையில் அல்லவா இருக்கும்!

எதிர்த்த பெற்றோர் அனைவரையும் பிற்போக்காளர் என ஒதுக்கிவிடவும் எனக்கு மனமில்லை. 2019-இல் பர்மிங்ஹாமின் பார்க்ஃபீல்ட் பள்ளியின் வாயிலில் திரண்ட, பெரும்பாலும் முஸ்லிம்களான பெற்றோர் எதிர்த்தது இச்சட்டத்தையே அன்று. சமத்துவம் கற்பிக்கும் 'வெளியார் எவருமில்லை' என்ற திட்டத்தை. தங்களைக் கலந்துகொள்ளவில்லை என்பதும் அவர்களுடைய முறையீடு. பள்ளி திட்டத்தை நிறுத்திவைத்தது. பேச்சுவார்த்தைக்குப் பின் மாற்றிய வடிவில் அது மீண்டும் தொடங்கியது. அதே நகரின் ஆண்டர்டன் பார்க் பள்ளியிலோ, வாசலருகே போராடுவதை உயர்நீதிமன்றம் தடைசெய்ய நேர்ந்தது.

உறவுக் கல்வி 2020 செப்டம்பர் 1 அன்று கட்டாயமாயிற்று. பெருந்தொற்றை முன்னிட்டு, ஆயத்தமாகாத பள்ளிகள் 2021 கோடைப்பருவம்வரை அதைத் தள்ளிவைக்கலாம் என அரசு அனுமதித்தது. அதற்கு முந்தைய மாதங்களில் பெரும்பாலான குழந்தைகள் வீட்டிலேயே இருந்தனர்.