பிரானூர் தாண்டிய அரிசி மூட்டை

மேலகரத்து வயலில் அறுத்த நெல் அரிசியாகி மேற்கே கொல்லம் போய்ச் சேர வேண்டுமென்றால் வழி ஒன்றுதான். இலஞ்சி, பிரானூர், செங்கோட்டை, புளியரை; அப்புறம் மலை. அந்தப் பக்கம் ஆரியங்காவு இறங்கினால் தென்மலை, புனலூர், கொல்லம். இந்த வழி இருநூறு வருடங்களாக அப்படியேதான் இருக்கிறது. மூட்டையை எங்கே நிறுத்துகிறார்கள், நிறுத்தி என்ன கேட்கிறார்கள் என்பது மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை மாறியது. ஒரு காலத்தில் வரி கேட்டார்கள். ஒரு காலத்தில் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு பெர்மிட் கேட்டார்கள், இல்லையென்றவரைக் கடத்தல்காரர் என்றார்கள்.

குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த மேலகரத்துக்குச் சிற்றாறுதான் சோறு போடுகிறது. ஆனியில் குற்றால மலையில் சாரல் கட்டினால் கார் நெல்லுக்குத் தண்ணீர்; ஐப்பசி மழை பெய்தால் பிசான நெல். மலைக்கு மேற்கே மழை இன்னும் அதிகம், ஆனால் நெல் குறைவு. அங்கே சரிவெல்லாம் ரப்பரும் தேயிலையும், சமவெளியெல்லாம் தென்னையும். பழைய திருவிதாங்கூரில் நெல் என்றால் குட்டநாடு, நாஞ்சில் நாடு. மக்கள்தொகைக்கு அது ஒருநாளும் போதவில்லை. விசாகம் திருநாள் மன்னர் 1880-களில் மரச்சீனிக் கிழங்கைப் பரப்பியதற்கும் அந்தப் பற்றாக்குறைதான் காரணம். ஆக மேற்கே அரிசிக்கு எப்போதும் ஆள் உண்டு. மூட்டை போய்க்கொண்டே இருந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

அந்தக் காலத்தில் எல்லை மலைமேல் இல்லை. செங்கோட்டை திருவிதாங்கூர் மன்னரின் தாலுகா. தென்காசி ஆங்கிலேயரின் திருநெல்வேலி ஜில்லா. நடுவில் பிரானூர். இன்று குற்றாலத்தில் குளித்துவிட்டு ‘பிரானூர் பார்டர்’ கடைகளில் பரோட்டா சாப்பிட வரிசையில் நிற்கிறவர்கள், ஓர் அரசு முடிந்து இன்னோர் அரசு தொடங்கிய இடத்தில்தான் நிற்கிறார்கள். 1844-இல் மதராஸ் மாகாணம் தனக்குள் இருந்த உள்நாட்டுச் சுங்கத்தை எடுத்துவிட்டது. திருவிதாங்கூர் அந்நிய சமஸ்தானம் என்பதால் எல்லைச் சுங்கம் போகவில்லை. ஒரே மொழி பேசி, ஒரே கோயிலுக்குப் போய், ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் கொண்டு கொடுத்த இரண்டு ஊர்களுக்கு நடுவே சரக்கு மட்டும் அந்நியமானது.

இதை மாற்றியது 1865-இல் ஏற்பட்ட ஓர் உடன்படிக்கை. பிரிட்டிஷ் இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி மூன்றும் சேர்ந்து செய்துகொண்டது. இன்றைய பேச்சில் சொன்னால் வர்த்தகக் கூட்டமைப்பு. கடல் வழியே வரும் சரக்குக்குச் சமஸ்தானங்கள் பிரிட்டிஷ் இந்தியாவின் வரி விகிதத்தையே வசூலிக்க வேண்டும்; அதற்கு ஈடாகத் தரை எல்லையில் பொதுச் சரக்கு தடையின்றிப் போகலாம்; சமஸ்தானங்களின் வருமான இழப்பைப் பிரிட்டிஷ் அரசு ஈடுகட்டும். திவான் டி. மாதவ ராவ் மிளகு ஏகபோகத்தையும் புகையிலை ஏகபோகத்தையும் ஒழித்த கையோடு இதையும் முடித்தார். ஆனால் உப்பும் புகையிலையும் அபினும் இந்தச் சுதந்திரத்துக்கு வெளியே நின்றன. அதனால் சாவடி போகவில்லை. அரிசி வண்டி நிற்காமல் போனது, புகையிலை வண்டி நின்றது. வரி விகிதத்தைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமையை விட்டால்தான் திறந்த எல்லை கிடைக்கும் என்ற பாடத்தைத் திருவிதாங்கூர் அப்போதே படித்துவிட்டது.

1904-இல் கொல்லம் - செங்கோட்டை ரயில் வந்தது. மலையைக் குடைந்து, பதின்மூன்று கண் பாலம் கட்டிப் போட்ட மீட்டர்கேஜ் பாதை. மாட்டு வண்டி மலையேறிய நாட்கள் போய் ஓர் இரவில் மூட்டை கொல்லம் சேர்ந்தது.

1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. ரங்கூன் அரிசிக் கப்பல் நின்றுபோனதும் திருவிதாங்கூர் திணறியது. மாகாணங்கள் தானியம் வெளியே போகாமல் தடுத்தன. ஏறத்தாழ எண்பது வருடம் வெறும் சரக்காகப் போன அரிசி, அனுமதிச் சீட்டுக்குக் காத்திருக்க ஆரம்பித்தது அப்போதுதான். மேற்கே மரச்சீனி தின்று நாளைக் கடத்தினார்கள்; சேர்த்தலைப் பக்கம் பட்டினியும் நோயும் சேர்ந்து ஆட்களைக் கொண்டுபோயின. இத்தனையும் கண்ணால் கண்ட சில வருடங்களுக்குள், 1947 ஜூன் 11-ஆம் தேதி, திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று அறிவித்தார். துறைமுகம் உண்டு, தோரியம் உண்டு, ரப்பர் உண்டு என்று கணக்குச் சொன்னவர்களுக்குச் சோறு எங்கிருந்து வரும் என்பதற்குப் பதில் இல்லை. ஜூலை 25-ஆம் தேதி திவான் வெட்டுக்காயம் பட்டார். அந்த மாதம் முடியும் முன் சமஸ்தானம் இந்தியாவோடு இணைய ஒப்புக்கொண்டது. அறிவிப்பு நிலைத்திருந்தால் பிரானூரில் பாஸ்போர்ட் கேட்டிருப்பார்கள்.

1956 நவம்பர் 1-ஆம் தேதி எல்லையே இடம் மாறியது. மாநில மறுசீரமைப்பு ஆணையம் செங்கோட்டைத் தாலுகா முழுவதையும் சென்னை மாநிலத்துக்குத் தரச் சொன்னது. கடைசியில் தாலுகா இரண்டானது: நெல் விளையும் கிழக்குப் பகுதி இங்கே, காடும் தோட்டமும் நிறைந்த ஆரியங்காவுப் பகுதி கேரளத்தில். மூட்டை பிரானூரில் நிற்க வேண்டியதில்லை. புளியரை தாண்டி நின்றால் போதும். அதே நாளில் நாஞ்சில் நாடும் தமிழகம் வந்தது. தமிழர்கள் உயிர் கொடுத்துக் கேட்ட நியாயம் அது. அதே சமயம் கேரளம் தன் நெற்களஞ்சியம் ஒன்றை இழந்தது என்பதையும் நாம் மறைக்கக் கூடாது.

அடுத்த வருடமே, 1957-இல், தெற்கு அரிசி மண்டலம் பிறந்தது. ஆந்திரம், சென்னை, மைசூர், கேரளம் நான்கும் ஒரே வேலிக்குள். உள்ளே அரிசி எங்கிருந்து எங்கும் போகலாம். வேலி தாண்டி பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போகக் கூடாது. பெருநகர வியாபாரிகள் பணத்தைக் கொட்டி விலையை ஏற்றிவிடாமல், மிகுதி உள்ள ஆந்திரமும் தஞ்சாவூரும் பற்றாக்குறைக் கேரளத்துக்குச் சோறு போடும் ஏற்பாடு. எங்கள் அரிசி மூட்டையின் வாழ்க்கையில் நல்ல காலம் என்று நான் சொல்வது இந்த ஏழு வருடங்களைத்தான். தென்காசி மண்டியில் ஏற்றினால் புனலூரில் இறக்கினார்கள். நடுவில் கேள்வி இல்லை.

ஆனால் கொடுக்கிற பக்கத்தில் முணுமுணுப்பு இருந்தது. கேரளத்து வியாபாரி கூடுதல் விலை கொடுத்து அள்ளுகிறார், அதனால் நம் ஊரில் விலை ஏறுகிறது என்றார்கள். அதில் பொய் இல்லை. கூலி வேலை செய்து அன்றாடம் படியரிசி வாங்குகிறவருக்கு இரண்டணா ஏறினாலும் அது ஒரு வேளைச் சோறு. 1964-இல் நாடெங்கும் தட்டுப்பாடு வந்தபோது மண்டலம் உடைந்தது. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி மண்டலம். தன் அரிசி தனக்கு. டில்லியில் உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம், சென்னையில் முதல்வர் எம். பக்தவத்சலம். கேரளத்தில் கேட்க ஆளே இல்லை: அந்த செப்டம்பரில் ஆர். சங்கர் அமைச்சரவை கவிழ்ந்து சட்டமன்றம் கலைந்தது. 1967 வரை அங்கே தேர்ந்தெடுத்த அரசு இல்லை.

நேற்று வரை வியாபாரம் செய்தவர் இன்று குற்றவாளி. அரிசியில் ஒரு மணியும் மாறவில்லை. அத்தியாவசியப் பொருள் சட்டத்தின் கீழ் வந்த ஓர் உத்தரவுதான் மாறியது. புளியரையில் சாவடிக் கம்பு விழுந்தது. லாரியில் போன மூட்டை பிரிந்து சிறு பைகளாகி பயணிகள் ரயில் ஏறியது. மடியில் கட்டியும், துணி மூட்டைக்குள் வைத்தும், இருக்கைக்கு அடியில் தள்ளியும் கொண்டுபோனார்கள். பெரிய முதலாளிகள் அல்ல, நாலு படி அரிசியை மலைக்கு அப்பால் விற்றுப் பிழைத்த ஏழைகள். எல்லை மூடியதால் இங்கே விலை இறங்கிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி 1967-இல் ஓர் ஆட்சியையே மாற்றும் அளவுக்குத் தமிழ்நாட்டிலும் பஞ்சம் இருந்தது. கேரளம் வேறு வழியின்றி 1966-இல் ரேஷன் ஆணை கொண்டுவந்து ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களையும் கார்டுக்குள் சேர்த்தது. பிற்காலத்தில் நாடே பாராட்டிய கேரளத்து ரேஷன் முறை, பக்கத்து மாநிலங்கள் கைவிட்ட அந்த நாட்களில் வேரூன்றியது.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு 2020 ஜனவரி 31-ஆம் தேதி வெளியேறியபின் நடந்ததைப் படித்தபோது எனக்குப் புளியரைதான் நினைவு வந்தது. அயர்லாந்துத் தீவில் பிரிட்டனின் வட அயர்லாந்துக்கும் அயர்லாந்து நாட்டுக்கும் நடுவே உள்ள தரை எல்லையை மறுபடி மூடினால் 1998-இல் வந்த சமாதானம் கெடும். எனவே சோதனையைக் கடலுக்குத் தள்ளி, லார்ன், பெல்ஃபாஸ்ட் துறைமுகங்களில் வைத்தார்கள். இங்கிலாந்திலிருந்து தன் நாட்டின் ஒரு பகுதிக்கே போகும் சாசேஜுக்குக் காகிதம் கேட்டார்கள். 2021 முழுக்க அதன்மேல் சண்டை. 2023-இல் வின்ட்சர் ஏற்பாடு வந்து, வட அயர்லாந்திலேயே தங்கும் சரக்குக்குப் பச்சை வழி என்றும், தாண்டிப் போவதற்குச் சிவப்பு வழி என்றும் பிரித்தார்கள். பிரானூரிலிருந்து புளியரைக்கு எல்லை நகர்ந்ததுபோல அங்கேயும் எல்லை நகர்ந்ததே தவிர ஒழியவில்லை. கூட்டமைப்பை விட்டு விலகுகிறவர்கள் இறையாண்மை பற்றிப் பேசுகிறார்கள். அதன் விலையைச் சாவடியில் நிற்கும் லாரி ஓட்டுநரும் மறுபக்கம் காத்திருக்கும் கடைக்காரரும் கொடுக்கிறார்கள்.

1977-இல் ஜனதா ஆட்சி தானிய மண்டலங்களை எடுத்தது. அரிசி மறுபடி சரக்கானது. ஆனாலும் வணிகவரிச் சாவடி இருந்தது; ஆரியங்காவில் லாரிகள் வரிசை கட்டி நின்ற காலம் பலருக்கு நினைவிருக்கும். 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்து அதையும் எடுத்துவிட்டது. இப்போது இ-வே பில் இருந்தால் வண்டி போய்க்கொண்டே இருக்கலாம்.

இன்று புளியரையில் பிடிபடுவது வேறு அரிசி: ரேஷன் அரிசி. தமிழ்நாட்டில் 2008-இல் கிலோ ஒரு ரூபாயாகி, 2011 ஜூன் முதல் விலையில்லாமல் கிடைக்கிறது. கார்டுதாரர்களிடம் அதைக் கிலோ சில ரூபாய்க்கு வாங்கிச் சேர்த்து, பாலிஷ் போட்டு, வேறு சாக்கில் மாற்றி மலைக்கு அப்பால் நல்ல விலைக்கு விற்கிறார்கள். 1964-இன் கடத்தலையும் இதையும் நான் ஒன்றாக வைக்கமாட்டேன். அன்று போனது சொந்தக் காசில் வாங்கிய அரிசி. இன்று போவது பொதுப்பணம். ஆனால் மூட்டையை இழுக்கிற காரணம் அதேதான்: கம்புக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை. குடிமைப் பொருள் குற்றப் புலனாய்வுத் துறை மூட்டையைப் பிடித்து நுகர்பொருள் வாணிபக் கழகக் கிடங்குக்கு அனுப்புகிறது. ஓட்டுநர் மேல் வழக்கு. ரேஷனில் தரும் அரிசி வாய்க்கு ருசியாக இருந்தால் அதைச் சில ரூபாய்க்கு விற்க வேண்டிய அவசியம் அந்த வீடுகளுக்கு வராது என்பதைச் சாவடியில் நிற்கும் காவலரால் எழுத முடியாது. நெல் கொள்முதல் செய்கிறவர்களும் அரைக்கிற ஆலைகளும்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.