மகளிர் 400 மீட்டரும் தாப்பா ராஜாமணியும்

கால் எத்துணை விரைவுடையதாயினும், அதற்கேற்ற பந்தயம் ஒன்று இருந்தாலன்றி ஓடுபவர் பெயர் ஏட்டில் ஏறுவதில்லை. பேராக் மாநிலத்துத் தாப்பா ஊர் தந்த வீராங்கனை எம். ராஜாமணியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பதக்கங்களை எண்ணுவதோடு நின்றுவிடுகின்றனர். அவர் வென்ற ஓட்டம் எப்போது பெண்களுக்குத் திறந்துவிடப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவருடைய அருமை விளங்கும்.

1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஒலிம்பிக்கில் மகளிர் 800 மீட்டர் ஓட்டம் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 வினாடியில் முதலில் வந்தார். இரண்டாவதாக வந்தவர் ஜப்பானின் ஹிட்டோமி கினுயே. ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் ஆசியப் பெண்மணி இவரே. இறுதி ஓட்டத்தில் ஓடிய ஒன்பதின்மரும் எல்லைக் கோட்டைக் கடந்தனர். ஆயினும், பெண்கள் பாதியிலேயே மயங்கி விழுந்தனர், பாதிப்பேர் ஓட்டத்தை முடிக்கவேயில்லை என்றெல்லாம் பத்திரிகைகள் எழுதின. ஒன்பது பேர் ஓடிய ஓட்டத்தில் பதினொருவரைக் கண்ட நிருபரும் உண்டு! விளைவு என்ன? அந்த ஓட்டம் நீக்கப்பட்டது. அதன்பின் 32 ஆண்டுகள் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 200 மீட்டருக்கு மேற்பட்ட ஓட்டமே கிடையாது. பெண்ணின் உடல் தாங்காதாம்.

மேற்கே கடலோரத்து லூமுட் முதல் கிழக்கே மலையடிவாரத்துத் தாப்பா வரை பேராக்கில் ரப்பர் தோட்டங்கள் பரந்து கிடந்த காலம் அது. விடியுமுன் எழுந்து, நிரை நிரையாக மரம் வெட்டி, பால் வாளி சுமந்து நாள்தோறும் மைல் கணக்கில் நடந்த தமிழ்ப் பெண்களை, உடல் தாங்குமா என்று எவரும் கேட்டதில்லை. உழைப்புக்குத் தாங்கிய உடல் ஓட்டத்துக்கு மட்டும் தாங்காது என்பது விந்தையான மருத்துவம்தான்.

தடை சிறிது சிறிதாகவே தளர்ந்தது. 1960-இல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் 800 மீட்டர் திரும்பவும் வந்தது. ரஷ்யப் பெண்மணி லுட்மிலா ஷெவ்த்சோவா 2 நிமிடம் 4.3 வினாடியில் வென்றார். 400 மீட்டர் ஓட்டம் மகளிர்க்கெனச் சேர்க்கப்பட்டது 1964-இல், தோக்கியோவில். ராஜாமணி அங்கேதான் சென்றார். அவர் முதற்சுற்றைத் தாண்டவில்லை. 1956-இல் மெல்போர்னில் மூன்று தங்கம் வென்ற ஆஸ்திரேலியாவின் பெட்டி கத்பர்ட், 52.0 வினாடியில் இவ்வோட்டத்தின் முதல் ஒலிம்பிக் வெற்றியாளரானார். முதற்சுற்றோடு திரும்பியதைத் தோல்வி என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒலிம்பிக் வரலாற்றில் பெண்கள் முதன்முதலாக 400 மீட்டர் ஓடிய அந்த மைதானத்தில் மலேசியாவின் பெயரும் இருந்தது என்பதை மறக்கலாகாது.

400 மீட்டர் பொல்லாத ஓட்டம். மைதானத்தை ஒருமுறை முழுதாகச் சுற்றவேண்டும். மெல்ல ஓடி மூச்சைச் சேமிக்க முடியாது. தொடக்கத்திலேயே முழு விசையையும் கொட்டினால் கடைசி நூறு மீட்டரில் கால் ஈயமாய்க் கனக்கும். குறுந்தொலைவுக்காரரின் வேகமும் நெடுந்தொலைவுக்காரரின் பொறுமையும் ஒருவரிடமே அமையவேண்டும். அவ்விரண்டும் ராஜாமணியிடம் இருந்தன என்பதற்கு 1965-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டியே சான்று. 200 மீட்டர், 400 மீட்டர், 800 மீட்டர் ஆகிய மூன்றிலும் அவரே முதல்வர். நால்வர் சேர்ந்தோடும் 4x100 மீட்டர் தொடரோட்டத்திலும் தங்கம். 200-இல் வெல்பவர் 800-இலும் வெல்வது எக்காலத்திலும் அரிது.

மறு ஆண்டு டிசம்பரில் பாங்காக்கில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அங்கே மகளிர் 400 மீட்டரை ராஜாமணி 56.3 வினாடியில் ஓடி வென்றார். ஆசியப் போட்டியில் தங்கம் பெற்ற முதல் மலேசியப் பெண்மணி அவர். செயற்கைத் தளங்கள் ஒலிம்பிக்குக்கு வந்ததே 1968-இல்தான். ஆகவே இக்காலத்து வினாடிகளோடு அதனை நேராக ஒப்பிடுவது முறையன்று. அதே பாங்காக் போட்டியில் எம். ஜெகதீசன் 100 மீட்டர், 200 மீட்டர், தொடரோட்டம் என மூன்று தங்கம் வென்றார். 1966-இல் நாட்டின் தலைசிறந்த விளையாட்டு வீரர், வீராங்கனை விருதுகள் முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அவற்றைப் பெற்ற இருவரும் ஜெகதீசனும் ராஜாமணியுமே. 1967-இலும் வீராங்கனை விருது ராஜாமணிக்கே கிடைத்தது.

1970-இல் மீண்டும் பாங்காக்கிலேயே ஆசியப் போட்டி கூடியது. அங்கு மகளிர் 400 மீட்டரை வென்ற இந்தியாவின் கமல்ஜித் சந்து எடுத்துக்கொண்ட நேரம் 57.3 வினாடி. தனிப்பட்ட போட்டியில் ஆசியத் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண்மணி என்று அவரை இந்தியர் இன்றும் போற்றுகின்றனர், தக்க போற்றுதலே. நான்காண்டுகளுக்கு முன் தாப்பாப் பெண் அதே நகரில் அதே தூரத்தை ஒரு முழு வினாடி குறைவாக ஓடியதைத் தமிழர் எத்தனை பேர் அறிவர்? 1974-இல் தெஹரானில் அப்பட்டம் சிங்கப்பூரின் சீ சுவீ லீக்குச் சென்றது. 1978-இல் ஆசியப் போட்டி மூன்றாம் முறையாகப் பாங்காக்குக்கு வந்தபோது, அதை மலேசியாவுக்கு மீட்டுத் தந்தவர் சாய்க் ஒய்க் கம் என்னும் சீனப் பெண்மணி.