பிரிந்த பெற்றோர், திடலில் பிள்ளை: கேமரன் மலைக் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

சனிக்கிழமை காலை மாவட்ட அளவிலான குறுக்கோட்டப் போட்டி. அதே சனிக்கிழமைதான் நீதிமன்ற ஆணைப்படி பிள்ளை அப்பாவிடம் போக வேண்டிய நாள். அப்பா இருப்பது ஈப்போவில், போட்டி நடப்பது தானா ராத்தாவில். இப்போது யார் விட்டுக்கொடுப்பது? "அம்மாகிட்ட கேளு" என்று அப்பாவும், "உங்கப்பாவையே கேட்டுக்கோ" என்று அம்மாவும் சொல்லும்போது, பல பிள்ளைகள் ஆசிரியரிடம் போய், "எனக்கு வயித்து வலி, ஓடலை சார்" என்று சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். வீட்டில் ஒரு சண்டை மிச்சம் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். திடலில் ஓர் ஓட்டக்காரர் குறைந்துபோவார்.

மணமுறிவுக்குப் பிறகு விளையாட்டுப் பிள்ளையை இருவரும் சேர்ந்து எப்படிப் பார்த்துக்கொள்வது? சட்டம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது?

மேலே ஒருவர், கீழே ஒருவர்

நகரத்தில் பெற்றோர் பிரிந்தால் ஒருவர் பக்கத்துத் தாமானுக்குக் குடிபோகலாம். தேயிலைத் தோட்டத்தில் அது நடப்பதில்லை. 1929-இல் போ தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்தே இங்கே வீடும் வேலையும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. தோட்ட வீடு யார் பெயரில் வேலை இருக்கிறதோ அவருக்குத்தான். மற்றவர் ரிங்லெட்டிலோ பிரிஞ்சாங்கிலோ வாடகைக்கு அறை தேட வேண்டும். இல்லையென்றால் தாப்பா, ஈப்போ, கோலாலம்பூர் என்று சொந்தக்காரர்களைத் தேடிக் கீழே இறங்க வேண்டும். தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர், அதுவும் வளைவுக்கு மேல் வளைவு. விடுமுறை நாளில் சுற்றுப்பயணிகளின் கார்கள் வரிசை பிடித்தால் எவ்வளவு நேரமாகும் என்று மலைவாசிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே, "வார இறுதியில் அப்பாவிடம்" என்று ஆணையில் ஒரே வரியில் எழுதியிருப்பது, இங்குள்ள பிள்ளைக்கு வெள்ளி மாலைப் பயிற்சியும் சனிக்கிழமைப் போட்டியும் சேர்ந்து போவதைக் குறிக்கலாம். நம் பள்ளிகளில் புறப்பாட நடவடிக்கைகளும் போட்டிகளும் விழுவது பெரும்பாலும் அந்த நாள்களில்தான்.

சட்டத்தில் என்ன இருக்கிறது?

முஸ்லிம் அல்லாதவர்களின் மணமுறிவு, 1976-ஆம் ஆண்டு சட்டச் சீர்திருத்த (திருமணம், மணமுறிவு) சட்டத்தின் கீழ் வருகிறது. இது 1982 மார்ச் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. முஸ்லிம்களுக்கு அந்தந்த மாநிலத்தின் இஸ்லாமியக் குடும்பச் சட்டமும் ஷரியா நீதிமன்றமும்.

இருவரும் சம்மதித்துப் பிரிவதென்றால், திருமணமாகி ஈராண்டு கடந்த பிறகு கூட்டாக மனு செய்யலாம். ஒருவர் மட்டும் கேட்டால், பெரும்பாலும் முதலில் தேசியப் பதிவு இலாகாவின் திருமணச் சமரச மன்றத்துக்குப் போக வேண்டும். வழக்கு உயர் நீதிமன்றத்தில் நடக்கும். பகாங்கில் அது குவந்தானிலும் தெமர்லோவிலும் இருக்கிறது. மலையிலிருந்து இரண்டுமே தூரம்தான்.

பிள்ளை யாரிடம் என்று முடிவு செய்யும்போது, சட்டத்தின் 88-ஆவது பிரிவு பிள்ளையின் நலனையே தலையாயதாக வைக்கிறது. 7 வயதுக்குக் குறைந்த பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்ற அனுமானம் உண்டு. ஆனால் அது மாற்ற முடியாத விதி அல்ல. பள்ளியையோ மாவட்டத்தையோ பிரதிநிதித்து விளையாடும் பிள்ளை பெரும்பாலும் அந்த வயதைக் கடந்திருக்கும். அங்கேதான் அதே பிரிவின் இன்னொரு வரி முக்கியமாகிறது: சுயமாகக் கருத்துச் சொல்லும் வயது வந்த பிள்ளையின் விருப்பத்தையும் நீதிமன்றம் கவனிக்க வேண்டும். 12 வயதுப் பிள்ளை, "எனக்கு இந்தப் பள்ளிக் குழுவை விட்டுப் போக விருப்பமில்லை" என்று சொன்னால் அது வெறும் அடம் இல்லை. நீதிமன்றத்தின் முன் வைக்கக்கூடிய ஒரு காரணம்.

பலர் குழப்பிக்கொள்ளும் சொல் 'கஸ்டடி'. படிப்பு, சமயம், மருத்துவம் போன்ற பெரிய முடிவுகளை எடுக்கும் உரிமை ஒன்று. பிள்ளையைத் தினமும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது இன்னொன்று. முதலாவதை இருவருக்கும் கூட்டாகவும் இரண்டாவதை ஒருவருக்கு மட்டும் கொடுத்து, மற்றவருக்குச் சந்திக்கும் உரிமையை வழங்கும் ஆணைகள் உண்டு. உங்களுடைய ஆணை எந்த வகை என்று முதலில் எடுத்துப் படியுங்கள். பள்ளி அனுப்பும் அனுமதிப் படிவத்தில் பெரும்பாலும் ஒரு கையெழுத்துக்குத்தான் இடமிருக்கும். அதனாலேயே மற்றவருக்குச் சொல்லாமல் போட்டுவிடுவது சுலபம். மனக்கசப்புகள் பல அந்தக் கையெழுத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

ஆணையிலேயே எழுதிவிடுங்கள்

பிள்ளை எங்கே தங்க வேண்டும், எப்படிப் படிக்க வேண்டும், மற்ற பெற்றோரை எப்போது பார்க்கலாம் என்று ஆணையில் நிபந்தனைகள் சேர்க்க 89-ஆவது பிரிவு இடம் தருகிறது. சம்மதத்துடன் பிரிபவர்களுக்கு இது ஒரு வாய்ப்பு, ஏனென்றால் நிபந்தனைகளை எழுதுவது அவர்களேதான். ஆனால் பெரும்பாலோர் வீடு, நகை, ஜீவனாம்சம் என்று பேசி முடித்துவிட்டு, பிள்ளையின் விளையாட்டுக்கு ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை. இதை வழக்கறிஞரும் பல நேரம் கேட்பதில்லை, நாமாகச் சொன்னால்தான் உண்டு.

எழுத வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. போட்டி நாளும் சந்திப்பு நாளும் மோதினால், போட்டிக்கு முதலிடம். இழந்த சந்திப்பு எந்த வாரம் ஈடுசெய்யப்படும். போட்டி அட்டவணை கிடைத்ததும் எத்தனை நாளுக்குள் மற்றவருக்கு அனுப்ப வேண்டும். காயம் பட்டால் யாருக்கு உடனே அழைப்பு. இந்த நான்கும் இருந்தாலே பாதிச் சண்டை இல்லை. ஆணை ஏற்கெனவே வந்துவிட்டதா? சூழ்நிலை கணிசமாக மாறியிருந்தால் திருத்தக் கோரலாம், 96-ஆவது பிரிவு அதற்குத்தான். ஆனால் ஒரு சனிக்கிழமைக்காக யாரும் குவந்தான் வரை போக மாட்டார்கள். இருவரும் வாட்சாப்பில் எழுத்து வடிவில் ஒத்துக்கொண்டாலும் நடைமுறைக்குப் போதும், ஒத்துக்கொண்டபடி நடந்தால்.

காலணிக் காசு யார் கணக்கு?

பிள்ளைக்கு வீடு, உடை, உணவு, கல்வி தர இரு பெற்றோருக்கும் கடமை உண்டு என்று சட்டம் சொல்கிறது. பூப்பந்து மட்டை, ஓட்டக் காலணி, பயிற்றுநர் கட்டணம், குவந்தான் போய்வரும் பேருந்துச் செலவு என்று அதில் எழுதியிருக்கவில்லை. தோட்டச் சம்பளத்தில் ஒரு ஜோடி நல்ல காலணி சாதாரணச் செலவும் அல்ல. எனவே மாதத் தொகையைப் பேசும்போது விளையாட்டுச் செலவைத் தனியாகக் குறிப்பிட்டு, யாருக்கு எவ்வளவு பங்கு என்று பதிவு செய்வது நல்லது.

ஆணை இருந்தும் பணம் வரவில்லையென்றால், 1968-ஆம் ஆண்டின் ஜீவனாம்ச அமலாக்கச் சட்டத்தின்படி, முதலாளியே சம்பளத்தில் பிடித்து அனுப்பும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். மாதச் சம்பளக்காரரிடம் இது வேலை செய்யும். சொந்தமாகக் காய்கறி லோரி ஓட்டுபவரிடம் அவ்வளவு சுலபமில்லை.

கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவே செய்யவில்லை என்ற குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அப்படியென்றால் வழக்கறிஞரிடம் முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள், வழியே மாறும். ஆனாலும் பதிவில்லாத உறவில் பிறந்த பிள்ளைக்கும் பராமரிப்புக் கேட்க 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் உண்டு.

18 வயது வரைதானா? இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 2004-இல் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வழக்கில், 18 வயதுக்குப் பிறகு மேற்படிப்புக்காகத் தந்தை பணம் தர வேண்டியதில்லை என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்றைய சட்டத்தின் சொற்கள் அப்படி. 2017-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2018 டிசம்பர் 15-ஆம் தேதி அது அமலுக்கு வந்தது. இப்போது மேற்கல்வியோ பயிற்சியோ முடியும் வரை ஆணை நீடிக்கலாம். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு மதிப்பு இருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், 'சும்மா விளையாட்டுத்தானே' என்று ஒதுக்கிவிட முடியாது.

விளையாட்டுப் பள்ளிக்கு அழைப்பு வந்தால்

மாவட்டம், மாநிலம், பிறகு எம்.எஸ்.எஸ்.எம். எனப்படும் தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டி. இந்தப் படிகளில் கண்ணில் படும் பிள்ளைக்கு விளையாட்டுப் பள்ளியின் கதவு திறக்கலாம். புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி 1996 முதல் இருக்கிறது, ஜொகூரில் பண்டார் பெனாவாரில் இன்னொன்று. காற்பந்து என்றால் பகாங்கிலேயே, கம்பாங்கில் மொக்தார் டஹாரி கழகம். எல்லாமே விடுதி வாழ்க்கை.

பிரிந்த பெற்றோருக்கு இதுதான் மிகக் கடினமான முடிவு. பிள்ளையைத் தினமும் பார்த்துக்கொள்பவர் தன் கையிலிருந்து ஏதோ பறிபோவதாக நினைப்பார். மற்றவரோ, "அங்கே போனால் எனக்கும் உனக்கும் சம தூரம்" என்று உள்ளூர மகிழலாம். இருவருடைய கணக்கும் இயல்பானதே, ஆனால் பிள்ளையின் கணக்கு வேறு. கூட்டு உரிமை ஆணை இருந்தால் இருவரும் சேர்ந்தே முடிவெடுங்கள். விடுதியிலிருந்து வீடு திரும்பும் வார இறுதிகளில் யார் போய்க் கூட்டிவருவது, பள்ளியில் யாருடைய தொலைபேசி எண் முதலில் என்பதைச் சேர்க்கைக்கு முன்பே பேசி வையுங்கள். தொடக்கத்திலேயே இரண்டு எண்களையும் கொடுத்துவிடுவது உத்தமம்.

வெளிநாட்டுப் போட்டிக்கும் இதே கவனம் தேவை. பிள்ளையை மலேசியாவுக்கு வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறதா என்று ஆணையைப் பாருங்கள். இருந்தால், விமான டிக்கெட்டுக்கு முன்பே நீதிமன்ற அனுமதி வேண்டும்.

இரண்டு வீடு, ஓர் உடம்பு

அம்மா வீட்டில் இருக்கும்போது ஓட்டப் பயிற்சி, அப்பா வீட்டில் காற்பந்து வகுப்பு. இருவரும் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் ஓய்வு நாள் யாருடைய அட்டவணையிலும் இல்லை. வாரத்துக்குப் பயிற்சி மணிநேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக்கூடாது, ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவர்கள் பரவலாகச் சொல்லும் அளவு. 12 வயதென்றால் 12 மணிநேரம், இரண்டு வீட்டையும் கூட்டித்தான். பயிற்றுநர்கள் இருவர் இருந்தால் ஒருவரின் எண்ணை மற்றவருக்குக் கொடுங்கள்.

மலைப்பிள்ளைகளுக்கே உரிய இன்னொரு விஷயம் வெயில். கேமரன் மலையில் பகலில்கூட 25 பாகையைத் தாண்டுவது அரிது. அங்கே பழகிய உடம்பு குவந்தான் திடலில் நண்பகல் வெயிலில் ஓடும்போது திணறும். உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும், முதல் சில நாள்களிலேயே ஓரளவு பலன் தெரியும். கீழே ஈப்போவிலோ தெலுக் இந்தானிலோ ஒரு பெற்றோர் இருப்பது இந்த இடத்தில் வரம்! பெரிய போட்டிக்கு முந்திய பள்ளி விடுமுறையை அங்கே கழித்து மெதுவாகப் பயிற்சி செய்தால், சந்திப்பு நாளும் கழியாது, பயிற்சியும் கெடாது.

திடல் ஓரத்தில்

மைக்கல் பெல்ப்சின் பெற்றோர் அவருக்கு 9 வயதிருக்கும்போது பிரிந்தார்கள். பின்னாளில் அவர் 28 ஒலிம்பிக் பதக்கங்களை வென்றார். இதைச் சொல்லி "பாரு, ஒண்ணும் ஆகாது" என்று பிள்ளையைத் தேற்றுபவர்கள் உண்டு. அதே பெல்ப்ஸ் தன் மனச்சோர்வைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசியவர் என்பதை அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை.

போட்டி நாளில் இருவரும் வரலாம். பக்கத்தில் உட்கார வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. முடிவுக்கோட்டில் பிள்ளை முதலில் யாரிடம் ஓடுகிறது என்று கணக்கெடுக்க வேண்டாம். கட்டண பாக்கி, புதுத் துணை, பாட்டி சொன்ன பேச்சு இதெல்லாம் அன்றைக்கு வேண்டாம். பிள்ளை வழியாகச் செய்தி அனுப்பும் பழக்கம் இருந்தால் அதை இன்றே நிறுத்துங்கள். பயிற்சிக்குப் போகவே பிடிக்காமல் போவது, தூக்கம் குறைவது, அடிக்கடி வயிற்று வலி என்று சொல்வது இவை தொடர்ந்தால், முதலில் பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடம் பேசலாம்.

வழக்கறிஞருக்குக் கட்டணம் கட்ட முடியாதவர்கள் சட்ட உதவி இலாகாவை அணுகலாம். வருமானத் தகுதி பார்ப்பார்கள், சம்பளச் சீட்டையும் திருமண, பிறப்புப் பத்திரங்களையும் கொண்டுபோங்கள். குடும்பத்தில் வன்முறையோ பிள்ளைக்கு ஆபத்தோ இருந்தால், 24 மணிநேரமும் இயங்கும் தாலியான் காசே எண் 15999.